ஜேம்ஸ் ஸ்டில்மன் ராக்பெல்லர்

ஜேம்ஸ் ஸ்டில்மன் ராக்பெல்லர் (ஜூன் 8, 1902 – ஆகஸ்ட் 10, 2004) அமெரிக்காவைச் சேர்ந்த துடுப்புப் படகோட்ட வீரரும் வங்கியாளரும் ஆவார். 1924ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகளில், எண்மர் படகோட்டத்தில் தங்கப் பதக்கம் வென்ற யேல் பல்கலைக்கழக அணிக்குத் தலைவராக விளங்கினார். பின்னர் நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கியில் சேர்ந்து 1952 முதல் 1959 வரை அதன் தலைவராகவும், 1959 முதல் 1967 வரை இயக்குநர் குழுத் தலைவராகவும் பணியாற்றினார். இவ்வங்கியே இன்று சிட்டிவங்கி என்ற பெயரில் அறியப்படுகின்றது. அமெரிக்காவின் பெரும் செல்வக் குடும்பங்களான ராக்பெல்லர், ஸ்டில்மன் ஆகிய இரண்டின் வழியிலும் வந்த இவர், மூன்றாவது பெருஞ்செல்வக் குடும்பமான கார்னெகி குடும்பத்தில் திருமணம் செய்துகொண்டார்.

குடும்பப் பின்னணி

ஜேம்ஸ் ராக்பெல்லர் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் பிறந்தார். தந்தை வில்லியம் குட்செல் ராக்பெல்லர். தாய் எல்சி ஸ்டில்மன். தந்தைவழிப் பாட்டனாரான இளைய வில்லியம் ராக்பெல்லர், தம் அண்ணன் ஜான் டி. ராக்பெல்லருடன் இணைந்து ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தை நிறுவியவர். எனவே உலகின் முதற்பெரும் எண்ணெய்ச் செல்வராகக் கருதப்படும் ஜான் டி. ராக்பெல்லர் இவருக்குப் பெரிய பாட்டனார் முறையாவார்.

தாய்வழிப் பாட்டனார் ஜேம்ஸ் ஸ்டில்மன் 1891 முதல் 1909 வரை நேஷனல் சிட்டி வங்கியின் தலைவராக இருந்தவர். ஸ்டாண்டர்ட் ஆயில் ஈட்டிய பெரும் பணத்தின் ஒரு பகுதி அவ்வங்கியில் வைப்பாக வந்து சேர்ந்ததால் அது நாட்டின் முதன்மை வங்கிகளுள் ஒன்றாக வளர்ந்தது. இத்தொழில் உறவு குடும்ப உறவாகவும் மாறியது. வில்லியம் ராக்பெல்லரின் மகன்களான வில்லியம் குட்செல், பெர்சி ஆகிய இருவரும் ஸ்டில்மனின் மகள்களான எல்சி, இசபெல் ஆகிய இருவரை மணந்தனர். ஸ்டில்மனின் மகன் ஜேம்ஸ் ஏ. ஸ்டில்மனும் 1919 முதல் 1921 வரை அவ்வங்கியின் தலைவராக இருந்தார்.

ராக்பெல்லர் குடும்பத்தில் இவ்விரு கிளைகளையும் வேறுபடுத்திப் பார்ப்பது வழக்கம். ஜான் டி. ராக்பெல்லரின் வழியினர் அறக்கட்டளைகள், அரசியல், சேஸ் வங்கி ஆகியவற்றின் மூலம் பெயர் பெற்றனர். வில்லியம் ராக்பெல்லரின் வழியினர் பொதுவாழ்வில் அதிகம் தோன்றாது, நேஷனல் சிட்டி வங்கியுடன் தொடர்பு கொண்டிருந்தனர். ஜேம்ஸின் இளைய சகோதரர் ஜான் ஸ்டெர்லிங் ராக்பெல்லர் பறவையியலில் ஈடுபாடு கொண்டவர். கனடாவின் கென்ட் தீவைப் பறவைகளின் புகலிடமாகக் காக்கும் நோக்குடன் விலைக்கு வாங்கிப் பின்னர் பௌடன் கல்லூரிக்கு வழங்கியவர் அவரே.

யேல் பல்கலைக்கழகத்தில்

ஜேம்ஸ் ராக்பெல்லர் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1924இல் பட்டம் பெற்றார். படிப்பில் சிறந்த மாணவர்களுக்குரிய பை பீட்டா கப்பா அமைப்பில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவர் மாணவராக இருந்த காலத்திலேயே குடும்பத்தில் இரு இழப்புகள் நேர்ந்தன. 1922 ஜூன் மாதத்தில் பாட்டனார் வில்லியம் ராக்பெல்லரும், அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் தந்தை வில்லியம் குட்செல் ராக்பெல்லரும் காலமாயினர்.

அக்காலத்தில் அமெரிக்காவில் துடுப்புப் படகோட்டம் பெரிதும் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த விளையாட்டாக இருந்தது. யேல், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களுக்கு இடையே கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டனில் நடைபெறும் போட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே புகழ்பெற்றது. யேல் அணிக்குப் பயிற்சியாளராக வந்த எட் லீடர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹைரம் கோனிபியர் என்பவரிடம் படகோட்டம் கற்றவர். கிழக்குக் கரைப் பல்கலைக்கழகங்கள் இங்கிலாந்து முறையைப் பெரிதும் பின்பற்றிவந்த நிலையில், மேற்குக் கரையில் உருவான கோனிபியரின் துடுப்பு முறையை லீடர் யேலுக்குக் கொண்டுவந்தார். அவரது பயிற்சியில் யேல் அணி நாட்டின் மிகவும் வலிமையான அணிகளுள் ஒன்றாக மாறியது. 1924ஆம் ஆண்டு அணிக்கு ராக்பெல்லர் தலைவராக இருந்தார்.

1924 ஒலிம்பிக் போட்டிகள்

எண்மர் படகோட்டத்தில் எட்டு வீரர்கள் ஆளுக்கு ஒரு துடுப்பாக, இருபுறமும் நால்வர் வீதம் துடுப்பு வலிப்பர். வீரர்கள் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பதால், அவர்களை எதிர்நோக்கி அமரும் சுக்கானி படகைத் திசைதிருப்புவதுடன் துடுப்பின் தாளத்தையும் கட்டளையிட்டு நடத்துவார். எண்மரும் ஒரே கணத்தில் துடுப்பை நீரில் இறக்கி ஒரே கணத்தில் எடுத்தால் மட்டுமே படகு சீராகச் செல்லும். ஆதலால் இது தனிமனித வலிமையை விட ஒத்திசைவைச் சார்ந்த விளையாட்டாகக் கருதப்படுகின்றது.

அமெரிக்கா அன்று தனது ஒலிம்பிக் எண்மர் அணியைத் தகுதிப் போட்டிகள் மூலம் தேர்ந்தெடுத்தது. வெற்றி பெற்ற படகின் வீரர்கள் அனைவரும் அப்படியே நாட்டின் அணியாக அனுப்பப்பட்டனர். 1924இல் யேல் அணி இத்தகுதியைப் பெற்றது. பட்டம் பெற்ற கையோடு ராக்பெல்லரும் அவரது தோழர்களும் பாரிஸ் சென்றனர். 1924 ஜூலை 7ஆம் நாளிட்ட டைம் இதழின் அட்டையில் ராக்பெல்லரின் உருவம் வெளியானது. அப்போது அவருக்கு வயது 22.

ஒலிம்பிக் படகோட்டப் போட்டிகள் பாரிசுக்கு அருகே அர்ஜந்தெய் என்னுமிடத்தில் சேன் ஆற்றில் நடைபெற்றன. ஜூலை 17 அன்று நடந்த 2,000 மீட்டர் இறுதிப் போட்டியில் யேல் அணி 6 நிமிடம் 33.4 நொடிகளில் முதலாவதாக வந்தது. டொராண்டோ பல்கலைக்கழக வீரர்களைக் கொண்ட கனடா அணி 6 நிமிடம் 49.0 நொடிகளில் இரண்டாம் இடத்தைப் பெற்றது. மூன்றாம் இடம் இத்தாலிக்கும் நான்காம் இடம் பிரித்தானியாவுக்கும் கிடைத்தன. முதலிரு படகுகளுக்கு இடையே இருந்த 15 நொடிகளுக்கு மேற்பட்ட இடைவெளி, நொடியின் சிறு பகுதிகளில் வெற்றி தோல்வி முடிவாகும் இவ்விளையாட்டில் மிகவும் பெரியதாகும். அந்த வேகத்தில் அது ஏறத்தாழ நான்கு படகு நீளத் தொலைவுக்குச் சமம்.

1920இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி பெற்ற வெற்றியைத் தொடர்ந்து கிடைத்த இரண்டாவது தங்கம் இது. எண்மர் படகோட்டத்தில் 1920 முதல் 1956 வரை நடைபெற்ற எட்டு ஒலிம்பிக் போட்டிகளிலும் அமெரிக்காவே தங்கம் வென்றது. அவ்வரிசையின் கடைசி வெற்றியான 1956ஆம் ஆண்டுத் தங்கத்தையும் யேல் அணியே பெற்றது. 1960இல் ஜெர்மனி அத்தொடரை முறியடித்தது.

அணியினர்

1924இல் தங்கம் வென்ற அணியினர் வருமாறு:

* லெனார்ட் கார்ப்பென்டர்
* ஹோவர்ட் கிங்ஸ்பரி
* ஆல்பிரட் லின்ட்லி
* ஜான் மில்லர்
* ஜேம்ஸ் ராக்பெல்லர் (அணித் தலைவர்)
* பிரெடரிக் ஷெபீல்ட்
* பெஞ்சமின் ஸ்பாக்
* ஆல்பிரட் வில்சன்
* லாரன்ஸ் ஸ்டொடார்ட் (சுக்கானி)

இவர்களுள் சிலர் பிற்காலத்தில் வேறு துறைகளில் பெயர் பெற்றனர். பெஞ்சமின் ஸ்பாக் குழந்தை மருத்துவராகி, குழந்தை வளர்ப்புக் குறித்து 1946இல் வெளியிட்ட நூலால் உலகப் புகழ் அடைந்தார். வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்த அவர், 1972இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மக்கள் கட்சி வேட்பாளராகவும் நின்றார். ஆல்பிரட் லின்ட்லி 1932இல் வட அமெரிக்காவின் உயரமான சிகரமான டெனாலியில் ஏறியவர். 1936 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் பனிச்சறுக்கு வீரராகவும் கலந்துகொண்டார். அவர் 1951இல் விமான விபத்தில் உயிரிழந்தார்.

வங்கிப் பணியின் தொடக்கம்

ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பின்னர் ராக்பெல்லர் 1924இல் பிரவுன் பிரதர்ஸ் என்னும் பழைய தனியார் வங்கி நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார். அங்கு ஆறு ஆண்டுகள் தொழில் கற்ற பின், 1930இல் தம் தாய்வழிப் பாட்டனார் நடத்திய நேஷனல் சிட்டி வங்கியில் இணைந்தார்.

அது அவ்வங்கிக்கு மிகவும் இக்கட்டான காலமாகும். 1920களில் சார்லஸ் மிச்செல் தலைமையில் இவ்வங்கி தன் துணை நிறுவனத்தின் வழியாகப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் பொதுமக்களிடம் பெருமளவில் விற்றுவந்தது. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் அவற்றை வாங்கியோர் பெருநட்டம் அடைந்தனர். 1933இல் பெர்டினாண்ட் பெக்கோரா நடத்திய செனட் விசாரணையில் இந்நடைமுறைகள் வெளிப்பட்டதை அடுத்து மிச்செல் பதவி விலகினார். அதே ஆண்டு நிறைவேற்றப்பட்ட கிளாஸ்-ஸ்டீகல் சட்டம், வைப்பு பெறும் வங்கிகளையும் பத்திர வணிகத்தையும் தனித்தனியே பிரித்தது. பாட்டனார் காலத்தில் எட்டிய உயர்வையும், அடுத்து வந்த அவப்பெயரையும் ஒருசேரச் சுமந்த நிறுவனத்தில்தான் ராக்பெல்லர் படிப்படியாக உயர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது இவர் அமெரிக்கத் தரைப்படையின் வான்வழிப் படைப்பிரிவுத் தலைமையகத்தில் பணியாற்றினார். போர் முடிந்ததும் வங்கிக்குத் திரும்பினார்.

வங்கியின் தலைவராக

1952இல் ஹோவர்ட் ஷெப்பர்ட் இயக்குநர் குழுத் தலைவரானபோது, ராக்பெல்லர் வங்கியின் தலைவராக அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 50. பாட்டனார், மாமன் ஆகியோருக்குப் பின் அக்குடும்பத்திலிருந்து இப்பதவிக்கு வந்த மூன்றாமவர் இவர். எனினும் அவர்கள் காலத்தைப் போல வங்கி அப்போது குடும்பத்தின் ஆளுகையில் இருக்கவில்லை. அதன் பங்குகள் பல்லாயிரம் பேரிடம் பரவியிருந்தன. இவரும் இவ்வங்கியில் 22 ஆண்டுகள் கீழ்நிலைப் பொறுப்புகளிலிருந்து உயர்ந்தே அப்பதவியை அடைந்தார்.

1955 மார்ச் மாதத்தில் இவ்வங்கி, ஜார்ஜ் பேக்கர் வளர்த்த நியூயார்க் முதல் தேசிய வங்கியை 165 மில்லியன் டாலர் ரொக்கத்துக்கு வாங்கித் தன்னுடன் இணைத்துக்கொண்டது. பெரு நிறுவனங்களை மட்டுமே வாடிக்கையாளராகக் கொண்டிருந்த அவ்வங்கி சேர்ந்ததும் நிறுவனத்தின் பெயர் 'ஃபர்ஸ்ட் நேஷனல் சிட்டி வங்கி' என மாறியது. அதே மாதத்தில் சேஸ் நேஷனல் வங்கியும் மன்ஹாட்டன் நிறுவன வங்கியும் இணைந்து சேஸ் மன்ஹாட்டன் வங்கி உருவானது. இதனால் நியூயார்க்கின் இரு பெரும் வங்கிகளுக்கு இடையே கடும் போட்டி ஏற்பட்டது. 1961இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கியின் தலைவரான டேவிட் ராக்பெல்லர், ஜான் டி. ராக்பெல்லரின் பேரன் ஆவார். இரு சகோதரர்களின் பேரர்கள் இருவர், எதிரெதிர் வங்கிகளின் உயர் பொறுப்பில் ஒரே காலத்தில் இருந்தனர்.

நியூயார்க் மாநிலச் சட்டப்படி அந்நாளில் நகர வங்கிகள் புறநகர் மாவட்டங்களில் கிளை தொடங்க இயலாது. மக்களோ நகரை விட்டுப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தனர். இத்தடையைக் கடக்க, ஒரு பொதுப் பிடிமான நிறுவனத்தின் கீழ் வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்தின் கவுண்டி டிரஸ்ட் நிறுவனத்தையும் சேர்த்துக்கொள்ள வங்கி முயன்றது. 1958இல் அமெரிக்க மத்திய வங்கி இதற்கு ஒப்புதல் மறுத்தது. 1960இல் மாநிலச் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே புறநகர்க் கிளைகளுக்கு வழி பிறந்தது.

கைமாற்றத்தக்க வைப்புச் சான்றிதழ்

1959இல் ராக்பெல்லர் இயக்குநர் குழுத் தலைவரானார். ஜார்ஜ் மூர் வங்கியின் தலைவரானார். வெளிநாட்டுப் பிரிவைக் கவனித்து வந்த வால்டர் ரிஸ்டன் அடுத்த தலைமுறையின் முக்கியமான அலுவலராக உருவெடுத்தார். மூர், ரிஸ்டன் இருவரும் புதுமைகளில் விரைந்து இறங்க விரும்பியவர்கள். ராக்பெல்லர் அதிகம் பேசாதவர், விளம்பரத்தை விரும்பாதவர், செலவிலும் கடனிலும் எச்சரிக்கை மிக்கவர் என அறியப்பட்டார்.

அக்காலத்தில் அமெரிக்க வங்கிகள் நடப்புக் கணக்குகளுக்கு வட்டி வழங்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே பெரு நிறுவனங்கள் தம் உபரிப் பணத்தை வங்கிகளில் வைக்காமல் அரசுக் கருவூலப் பத்திரங்களில் இட்டு வட்டி ஈட்டின. நியூயார்க் வங்கிகளின் வைப்புத் தொகை இதனால் வளராமல் நின்றது. 1961 பிப்ரவரியில் ஃபர்ஸ்ட் நேஷனல் சிட்டி வங்கி, கைமாற்றத்தக்க வைப்புச் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. இதன்படி, வைப்பாளர் குறித்த காலத்துக்குப் பணத்தை வைத்து வட்டி பெறலாம். இடையில் பணம் தேவைப்பட்டால் சான்றிதழை வேறொருவருக்கு விற்றுவிடலாம். டிஸ்கவுண்ட் கார்ப்பரேசன் என்னும் பத்திர வணிக நிறுவனம் இச்சான்றிதழ்களை வாங்கி விற்க முன்வந்ததால் அவற்றுக்கு ஒரு சந்தை உருவாயிற்று. பிற வங்கிகளும் விரைவில் இதைப் பின்பற்றின. வைப்புத் தொகைக்காகக் காத்திருந்த வங்கிகள், தேவையான பணத்தைச் சந்தையில் விலை கொடுத்துத் திரட்டும் முறை இதன்வழியே தொடங்கியது. இத்திட்டத்தை வடிவமைத்தவராக ரிஸ்டன் பொதுவாகக் குறிப்பிடப்படுகின்றார்.

அதே 1961இல் வங்கியின் தலைமையகம் வால் தெரு 55ஆம் எண் கட்டடத்திலிருந்து பார்க் அவென்யூ 399ஆம் எண்ணில் கட்டப்பட்ட புதிய கட்டடத்துக்கு மாறியது.

கியூபா

1914இல் புவெனஸ் ஐரிசில் கிளை திறந்ததன் மூலம், வெளிநாட்டில் கிளை தொடங்கிய முதல் அமெரிக்கத் தேசிய வங்கியாக இவ்வங்கி அமைந்தது. அதன் வெளிநாட்டு வணிகத்தில் கியூபா முக்கிய இடம் வகித்தது. 1959 புரட்சிக்குப் பின்னர், 1960 செப்டம்பரில் பிடல் காஸ்ட்ரோவின் அரசு அமெரிக்க வங்கிகளின் கியூபக் கிளைகளை நாட்டுடைமையாக்கியது. கியூப அரசு நிறுவனம் ஒன்றுக்கு 1958இல் தந்த கடனுக்கு ஈடாகத் தன்னிடம் இருந்த பத்திரங்களை வங்கி உடனே விற்று, கடன் நிலுவைக்கு மேல் கிடைத்த தொகையையும் கிளைகளின் இழப்புக்கு ஈடாக வைத்துக்கொண்டது. அத்தொகையைக் கோரிக் கியூப தேசிய வங்கி அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. ராக்பெல்லர் ஓய்வு பெற்ற பின், 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வங்கிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

மெர்க்கன்டைல் வங்கிச் சர்ச்சை

ராக்பெல்லரின் பெயர் அரசியல் அரங்கில் மிகுதியும் அடிபட்டது கனடாவின் மெர்க்கன்டைல் வங்கியை வாங்கியபோதாகும். 1953இல் டச்சு வங்கி ஒன்றால் நிறுவப்பட்ட இச்சிறு வங்கி, அன்று கனடாவில் இயங்கிய வங்கிகளுள் வெளிநாட்டார் உரிமையில் இருந்த ஒரே வங்கியாகும். 1963இல் அதை வாங்க ஃபர்ஸ்ட் நேஷனல் சிட்டி வங்கி முற்பட்டது.

அவ்வாண்டு ஜூலையில் ராக்பெல்லர் ஒட்டாவா சென்று கனடாவின் நிதியமைச்சர் வால்டர் கார்டனைச் சந்தித்தார். கனடாவின் தொழில்களில் அமெரிக்க முதலீடு மேலோங்குவதை எதிர்த்து வந்தவர் கார்டன். இந்நிலையில் வங்கியை வாங்கினால் அது ராக்பெல்லரின் சொந்தப் பொறுப்பில் எடுக்கும் துணிவாகவே இருக்கும் என அமைச்சர் எச்சரித்தார். அன்றைய சட்டத்தில் இவ்விற்பனைக்குத் தடை ஏதும் இல்லாததால், ராக்பெல்லரின் வங்கி பின்வாங்காமல் மெர்க்கன்டைல் வங்கியை வாங்கியது.

கனடா அரசு வங்கிச் சட்டத்தைத் திருத்த முனைந்தது. கால் பங்குக்கு மேல் வெளிநாட்டார் உரிமையில் உள்ள வங்கியின் வளர்ச்சிக்கு வரம்பு விதிக்கும் பிரிவு, பெயர் சுட்டாவிடினும் மெர்க்கன்டைல் ஒன்றையே பாதித்தது. ஏற்கனவே முடிந்த கொள்முதலுக்குப் பின்னோக்கிச் சட்டம் இயற்றுவதாகக் கூறி 1966இல் அமெரிக்க அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. கனடாவின் ஆளுங்கட்சிக்குள்ளேயே இது குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தது. இறுதியில் 1967இல் திருத்தம் நிறைவேறியது. வங்கி தொடர்ந்து வளர வேண்டுமாயின் அமெரிக்க உரிமையாளர் தம் பங்கை 25 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டியதாயிற்று. 1970களில் அவ்வாறே குறைக்கப்பட்டது. மெர்க்கன்டைல் வங்கி 1980களின் நடுவில் கனடாவின் தேசிய வங்கியுடன் இணைக்கப்பட்டது.

இந்நிகழ்வு இருவகையாக மதிப்பிடப்படுகின்றது. நடப்பிலிருந்த சட்டத்துக்கு உட்பட்டே ராக்பெல்லர் செயற்பட்டார் என்பது ஒரு கருத்து. ஒரு நாட்டின் நிதியமைச்சர் நேரில் விடுத்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாததன் விலையை வங்கி பின்னர் கொடுத்தது என்பது மற்றொரு கருத்து. வெளிநாட்டு வங்கிகளை எவ்வளவு அனுமதிப்பது என்ற வினாவைக் கனடாவில் வெளிப்படையான விவாதத்துக்குக் கொண்டுவந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஓய்வும் பிற பொறுப்புகளும்

1967இல் ராக்பெல்லர் 65ஆம் வயதில் ஓய்வு பெற்றார். ஜார்ஜ் மூர் இயக்குநர் குழுத் தலைவராகவும், வால்டர் ரிஸ்டன் வங்கித் தலைவராகவும் பொறுப்பேற்றனர். 1976இல் வங்கி தன் பெயரைச் சிட்டிவங்கி எனச் சுருக்கிக்கொண்டது.

பான் அமெரிக்கன் விமான நிறுவனம், நார்தன் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனம், கிம்பர்லி-கிளார்க் முதலிய நிறுவனங்களின் இயக்குநராகவும் இவர் இருந்துள்ளார். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அறங்காவலராகவும் பணியாற்றினார்.

தனிவாழ்க்கை

ராக்பெல்லர் 1925இல் நான்சி கார்னெகியை மணந்தார். இவர் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகியின் தம்பி தாமஸ் கார்னெகியின் பேத்தி ஆவார். தாமஸ் கார்னெகி குடும்பத்துக்கு ஜார்ஜியா மாநிலக் கடற்கரையை அடுத்த கம்பர்லாந்து தீவின் பெரும்பகுதி உரிமையாக இருந்தது. 1972இல் அத்தீவு தேசியக் கடற்கரைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இவ்விணையருக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தனர். தந்தையின் பெயரையே கொண்ட மூத்த மகன், கடற்பயணத்திலும் எழுத்திலும் ஈடுபாடு கொண்டவர். புகழ்பெற்ற குழந்தை இலக்கிய எழுத்தாளர் மார்கரெட் வைஸ் பிரவுன் 1952இல் திடீரென இறந்தபோது அவருக்கும் இம்மகனுக்கும் திருமணம் உறுதிசெய்யப்பட்டிருந்தது.

நான்சி ராக்பெல்லர் 1994இல் காலமானார்.

இறப்பு

ஜேம்ஸ் ராக்பெல்லர் கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் நகரில் வாழ்ந்துவந்தார். 2004 ஆகஸ்ட் 10 அன்று தம் 102ஆம் வயதில் அங்கேயே காலமானார். பாரிசில் பெற்ற வெற்றிக்கு 80 ஆண்டுகள் நிறைந்து ஒரு திங்கள்கூட ஆகாத நேரம் அது. இறக்கும்போது அமெரிக்காவின் ஒலிம்பிக் பதக்க வீரர்களுள் உயிருடன் இருந்த மிக மூத்தவர் இவரேயாவார்.